கொடி ஆட்டுத வரைக்கும்

அந்தப் படத்துல மந்திரிக்குப் பின்னால செவப்பும் மஞ்சளுமா துணி தெரியுதுல்லா சார், அது என் துணி. கொஞ்சம் பேப்பர இப்பிடித் திருப்புங்க. ஆமா, இதேதான். சேர்மக்கனி பந்தல், இருவத்தெட்டு வருசமா தொழில் பண்ணுதேன். என் பேரு எங்கயாவது போட்டிருக்கானா பாருங்க. மந்திரி பேரு இருக்கு, கப்பல் பேரு இருக்கு, எத்தன டன்னு மருந்துன்னு இருக்கு. பந்தல் போட்டவன் பேரு கெடையாது. போகட்டும். நீங்க மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். ஒரு கல்யாணத்துக்கு சீரியல் லைட்டு செட்டு பாக்கப் போறேன்.

கீழ என்ன போட்டிருக்கான், வாசிங்க. 'உதவிக் கப்பல் போய்ச் சேர்ந்தது. தீவு மக்கள் மகிழ்ச்சி.' மகிழ்ச்சியாம்ல. எங்க போய்ச் சேந்துதுன்னு போட்டிருக்கானா? அந்த நாட்டுத் தலைநகரத்துக்குப் போயிருக்கு சார். அது போக வேண்டிய எடம் கிழக்குக் கரை. அங்க ராணுவத்துக்காரன் துறைமுகத்தப் பூட்டிட்டான், கப்பலத் திருப்பி விட்டுட்டான், மருந்து பூரா ராணுவ ஆஸ்பத்திரில எறங்கிட்டு. இத எழுத இவனுகளுக்கு மை இல்ல போல.

அந்த நாட்டுப் பேரு எனக்கு வாயில சரியா நுழையாது. சிலோன் இல்ல, அதுக்கும் ரொம்ப அங்கிட்டு. கப்பல்ல நாலு நாளு. அங்க உள்ளூர்ச் சண்ட. கிழக்குக் கரைச் சனங்கள அவங்க ராணுவமே சுத்தி வளச்சு வச்சிருக்கு. உள்ள ஒண்ணும் போகப்பிடாது, வெளிய ஒருத்தரும் வரப்பிடாது. குடிக்கிற தண்ணி நாறிப் போயி காலரா வந்துட்டு. ஊரு ஒலகமெல்லாம் சத்தம் போட்டதும், சரி சவம் ஒழியட்டும்னு ராணுவம் ஒரு கெடு குடுத்துது. பத்து நாளைக்குக் கிழக்குத் துறைமுகத்தத் திறந்து வைக்கோம், மருந்துக் கப்பல் வந்தா எறக்கிக்கிடுங்க, பெறவு பூட்டிருவோம்னு. திங்கக்கிழம திறப்பு, அடுத்த வாரம் புதன்கிழமையோட பூட்டு. நாலு நாளு ஓடணும்னா நம்ம கரைலருந்து சனிக்கிழம சாயங்காலத்துக்குள்ள கெளம்பியாகணும். மூணாங்கிளாஸ் படிச்ச எனக்கே இது வெளங்குது.

நம்ம அரசாங்கம் மருந்து தாரோம்னு சொல்லிச்சு. குளுக்கோஸ் பாட்டிலு, உப்புக் கரைசல் பொடி, மாத்திர, ஊசி, எல்லாம் பெட்டி பெட்டியா லாரில வந்து அந்தத் திங்கக்கிழம மதியத்துக்குள்ள கப்பல்ல ஏத்தி முடிச்சாச்சு. அந்த மட்டுக்கும் பாராட்டணும், நான் இல்லங்கல. அன்னைக்கே அவுத்து விட்டிருந்தா வெள்ளிக்கிழம போய்ச் சேந்திருக்கும். ஆனா கொடி ஆட்டணும்லா. கொடி ஆட்டாம ஒரு கப்பலு எப்பிடிப் போவும்? நேத்து வரைக்கும் உப்பும் கரியும் ஏத்திக்கிட்டுப் போன கப்பல் எல்லாம் கொடி ஆட்டியா போச்சு? மருந்து ஏத்துனா மட்டும் மந்திரி வந்து பச்சக் கொடி காட்டணுமாம்.

செவ்வாக்கிழம விழா, எங்க ஊருத் துறைமுகத்துல இன்னைக்கே பந்தல் போடணும்னு எனக்கு ஃபோன் வந்துது. போனேன். கோதண்டபாணின்னு ஒரு அதிகாரி, வெளிநாட்டு உறவு பாக்குத துறையிலருந்து பிளேன்ல வந்து எறங்கியிருக்காரு. நம்மாளுதான், தமிழுதான். ஆனா நம்மள அண்ணாச்சின்னு கூப்பிட நாக்கு வராது. 'மிஸ்டர் கனி'ம்பாரு. கனியும் கிடையாது, மிஸ்டரும் கிடையாது, சேர்மக்கனிய்யா என் பேருன்னு ரெண்டு தடவ சொல்லிப் பாத்தேன், பெறவு விட்டுட்டேன்.

"மிஸ்டர் கனி, மேடைக்குப் பின்னாடி கப்பல் பேரு முழுசா தெரியணும். நடுவுல வேற ஒண்ணும் தெரியக் கூடாது. அதனால மேடை கரையோட விளிம்புலயே வரணும்"ன்னாரு.

அங்க ஏத்துமதி இறக்குமதி பாக்க ரொசாரியோன்னு ஒருத்தரு உண்டு. பழைய ஆளு, கடல் தெரிஞ்சவரு. அவரு ஓடி வந்தாரு. "சார், விளிம்புல கப்பல் கயித்தக் கட்டுத இரும்புக் குத்தி இருக்கு. அது மேல மேடை போட்டா, மேடையப் பிரிக்காம கப்பல அவுக்க முடியாது"ன்னாரு.

அதுக்கு அந்த அதிகாரி என்ன சொல்லுதாரு தெரியுமா? "மந்திரி கொடி ஆட்டும்போது கப்பல் ஹாரன் அடிச்சாப் போதும். நகர வேண்டாம். அவரு கெளம்புனப்புறம் மேடையப் பிரிச்சிட்டு அவுத்து விட்டுக்குங்க." கட்டிப் போட்ட கப்பலுக்குப் போயிட்டு வான்னு கொடி. எனக்கு அப்பவே சிரிப்பு வந்துட்டு. ஆனா நமக்கு என்ன, சொன்ன எடத்துல போட்டுட்டுப் போவோம்னு போட்டேன். கான்கிரீட்ல குழி தோண்ட முடியாதுல்லா, டிரம்முல மண்ண நெரப்பி அதுல கால் நட்டு, மேல தகரம், உள்ள துணி, மேடைக்குக் கனத்த பலக. அந்த இரும்புக் குத்தி ரெண்டும் மேடைக்கு அடியில போயிட்டு. கயிறு மட்டும் பலகைக்குக் கீழருந்து வெளிய வந்து கப்பலுக்குப் போவுது.

செவ்வாக்கிழம காலைல எட்டு மணிக்கு ஃபோனு. விழா வியாழக்கிழமைக்கு மாத்தியாச்சு. அதிகாரிட்ட நேருல போயி ஏன்னு கேட்டேன். எளநி குடிச்சுக்கிட்டே வெளக்குதாரு.

உலக நாடுங்க எல்லாம் கூடி ஒரு சபை இருக்காம்லா. அங்க அந்தத் தீவு ராணுவத்து மேல ஒரு தீர்மானம் வருதாம். ஆஸ்பத்திரி மேல குண்டு போட்டான், ஆளுகளப் புடிச்சுக்கிட்டுப் போயி காணாம ஆக்கிட்டான், இதயெல்லாம் விசாரிக்கணும்னு தீர்மானம். செவ்வாக்கிழம ஓட்டு. அது வியாழக்கிழமைக்குத் தள்ளிப் போயிட்டாம்.

"ஓட்டுக்கும் இந்தக் கப்பலுக்கும் என்ன சார்?"னேன்.

"நாம ஓட்டுப் போட மாட்டோம், மிஸ்டர் கனி. எந்திரிச்சு வெளியவும் போக மாட்டோம். உக்காந்திருப்போம், கைய மட்டும் தூக்க மாட்டோம். அது அவங்க உள்விவகாரம். அந்த அரசாங்கம் நமக்கு வேணும். அங்க ஒரு துறைமுகம் கட்டுற பேச்சு நடக்குது. ஆனா நாம அந்த மக்களக் கைவிட்டுட்டோம்னு பேரு வரக் கூடாது. அதனால அங்க கை தூக்காத அன்னைக்கே இங்க கப்பல் கெளம்பணும். ரெண்டும் ஒரே நாள் பேப்பர்ல, பக்கத்துப் பக்கத்துல வரணும். கப்பல் முந்திப் போயிட்டா, கை தூக்காதது மட்டும் தனியா நிக்கும்."

பாத்துக்கிடுங்க. இதுதான் நாட்டுக் கொள்க. கல்யாண வீட்டுல வாழ்த்தவும் செய்யாம, வெளியவும் போகாம, வாசல்ல நின்னு செருப்ப எண்ணிக்கிட்டு நிப்பான்லா ஒருத்தன், அந்த மாதிரி. இதுக்குப் பெரிய பெரிய படிப்பு படிச்சு, கோட்டு மாட்டிக்கிட்டு, பிளேன்ல போயி உக்காந்துட்டு வாரானுக. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எளநியப் புடுங்கிருப்பேன். கூறுகெட்டவனுக.

இப்ப அந்தப் பொம்பள கதைக்கு வாரேன்.

எமலீன்னு பேரு. நர்சு. அந்தக் கிழக்குக் கரைல உள்ள ஒரு ஆஸ்பத்திரில காலரா வார்டு அவ பொறுப்பு. மீன்புடி படகுல ஒளிஞ்சு வெளிய வந்து, மருந்தக் கையோட கூட்டிட்டுப் போகணும்னு இங்க வந்திருக்கா. ஏன் அவள அனுப்பிச்சாங்கன்னா, அவ பாளையங்கோட்டைல நர்சிங் படிச்சவ. நாலு வருசம். தமிழு நம்ம மாதிரியே பேசுவா. முதநாளே என்ன "அண்ணாச்சி"ன்னா. கரேல்னு கருத்த தீவுப் பிள்ளை வாயில அண்ணாச்சின்னு வரவும் என் ஆளுகளுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. அதிகாரிக்கும் அவள ரொம்பப் புடிச்சுப் போச்சு. மேடைல ஏத்தி ரெண்டு வார்த்த நன்றி சொல்ல வைக்கலாம்லா, அதுக்குத்தான்.

அவ வேற எங்கயும் போக மாட்டா. காலைல வந்தா சாயங்காலம் வரைக்கும் என் பந்தல்லதான் இருப்பா. அதுவும் முத வரிசைல, வெள்ள உற போட்ட சோபால போயி உக்காந்தா. 'சிஸ்டர், அது மந்திரிக்குப் போட்டது, அழுக்காயிரும்'னு எழுப்பி விட்டேன். ஜெனரேட்டர் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் சேரு போட்டுக் குடுத்தேன், அங்க உக்காந்து கப்பலயே பாத்துக்கிட்டு இருப்பா. யாரு வந்தாலும் எந்திரிச்சுப் போயி, "இன்னைக்குப் போயிருமா?"ன்னு கேப்பா. லாரிக்காரன்ட்ட கேப்பா, டீக்காரன்ட்ட கேப்பா. எல்லார்ட்டயும் கேட்டா, எவனுக்குத் தெரியும்?

சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவளுக்கு ஒரு ஃபோன் வரும். அங்க டவர எல்லாம் ராணுவம் அமத்தி வச்சிருக்கான். ஒரு சர்ச்சு சாமியார்ட்ட மட்டும் டவரு வேண்டாத ஏதோ பெரிய ஃபோன் இருக்காம், அதுல ரெண்டு நிமிசம் பேசலாம். அவ பேசி முடிச்சதும் நான் கேப்பேன், என்ன இருந்தாலும் மனுசன் பாருங்க, "வார்டு எப்பிடி இருக்கு சிஸ்டர்?"னு கேப்பேன். அவ ஒரு எண்ணு மட்டும் சொல்லுவா. நான் முதல்ல கேட்ட அன்னைக்கு நாப்பத்தொண்ணு. அது திங்கக்கிழம. செவ்வாக்கிழம முப்பத்தெட்டு. புதன்கிழம முப்பத்திநாலு. வியாழக்கிழம இருவத்தேழு.

"புதுசா யாரும் வரலயா?"ன்னேன்.

"புதுசா யாரையும் சேக்கல அண்ணாச்சி"ன்னா.

பரவால்லயே, கொறஞ்சுக்கிட்டே வருதே, ஆண்டவன் கண்ணத் தொறந்துட்டான்னு நான் என் ஆளு மாசானத்துட்ட கூடச் சொன்னேன். மருந்து போகாமலே சொகமாகுதுன்னா, பெறவு இந்தப் பிள்ளை எதுக்கு இப்பிடி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கான்னுதான் எனக்கு.

வியாழக்கிழமயும் அந்த ஓட்டு நடக்கல. அடுத்த செவ்வாக்கிழமைக்குப் போட்டுட்டானுக. அப்ப விழாவும் அடுத்த செவ்வாக்கிழம. ரொசாரியோ அந்த அதிகாரிட்ட போயி, கெடு புதன்கிழமையோட முடியுது சார், செவ்வாக்கிழம கெளம்புனா எப்பிடிப் போய்ச் சேரும்னு கேட்டிருக்காரு. அதுக்கு, அந்த அரசாங்கத்துட்ட பேசிக்கிட்டு இருக்கோம், கெடுவ நீட்டச் சொல்லிருக்கோம், அதெல்லாம் மேல பாத்துக்குவாங்கன்னுட்டு, வெள்ளிக்கிழம காலைப் பிளேன்ல ஊருக்குப் போயிட்டாரு. மேல பாத்துக்குவாங்களாம். மேல இருக்கவன் கீழ பாத்துக்குவாங்கம்பான். நடுவுல என் பந்தல் ஒண்ணுதான் நிக்கி.

சனிக்கிழம காலைல பத்து மணி இருக்கும். ரொசாரியோ என்னத் தனியா கூப்பிட்டாரு. கூட அந்தப் பிள்ளையும் நிக்கா.

"வே சேர்மக்கனி, கேப்டன்ட்ட எல்லா பேப்பரும் இருக்கு. கப்பல வெளிய கொண்டு விடுத ஆள்ட்டயும் பேசி வச்சிருக்கேன். அவுத்து விட்டா இன்னைக்கே போயிருவாரு. உம்ம மேடை ஒண்ணுதான் தடை"ன்னாரு.

"அதிகாரிட்ட கேளும்"னேன்.

"அவரு ஃபோன எடுக்க மாட்டேங்காரு. எடுத்தாலும் செவ்வாக்கிழமன்னுதான் சொல்லுவாரு. இது கேக்காமச் செய்ய வேண்டிய காரியம். நேத்து காத்து பலமா அடிச்சுதுல்லா, பந்தல் சாஞ்சிட்டு, கப்பல் கயித்து மேல விழுந்திரும்னு பயந்து பிரிச்சிட்டேன்னு சொல்லும். காத்துக்கு யாரு என்ன செய்ய முடியும்? ஆமா, நான் கண்ணால பாத்தேன்னு நானும் எழுதித் தாரேன். மந்திரிக்கு வேற எடத்துல மேடை போடும். அவரு கடலப் பாத்துக் கொடி ஆட்டிக்கிடட்டும்."

எனக்கு எப்பிடி இருக்கும் சொல்லுங்க. சேர்மக்கனி பந்தல் சாஞ்சிட்டுன்னு நானே என் வாயால சொல்லணுமாம். புயலு வந்த வருசம் எங்க ஊருல நின்ன பந்தல் கிடையாது, எல்லாம் படுத்துட்டு. என்னது மட்டும் நின்னுது. அந்தப் பேருலதான் நான் பொழைக்கேன். நேத்து அடிச்ச காத்து ஒரு காத்தா? இந்த விசயம் வெளிய தெரிஞ்சா கல்யாண வீட்டுக்காரன் எவனாவது என்னக் கூப்பிடுவானா? ஒரு டாக்டர்ட்ட போயி, நோயாளிய நான்தான் கொன்னேன்னு சொல்லுமய்யா, ஒரு அவசரத்துக்குன்னா சொல்லுவானா?

"அதெல்லாம் முடியாது. எழுத்துல உத்தரவு வந்தா பிரிக்கேன். இல்லாம ஒரு கயித்த அவுக்க மாட்டேன்"னேன்.

அப்பத்தான் அவ வாயத் தொறந்தா. "பிரிக்க எவ்வளவு நேரம் ஆகும் அண்ணாச்சி?"

"ஒரு நாள் முழுசா வேணும்"னேன். சும்மா சொன்னதுதான். பேச்ச முடிக்கணும்லா.

"சாயங்காலத்துக்குள்ள முடியாதா?"

"முடியாது."

"நானும் கூட நின்னு தூக்குதேன். அங்க ஏத்த ஒரு பாட்டில் இல்ல அண்ணாச்சி."

நான் சமாதானமாத்தான் சொன்னேன் சார். ஏசல. "சிஸ்டர், நான் பந்தக்காரன். உங்க நாட்டு விவகாரத்துல நான் எப்பிடித் தலையிட முடியும்? அதுவும் போக, உங்க வார்டுலதான் நாளுக்கு நாள் கொறஞ்சுக்கிட்டு வருதே. நாப்பத்தொண்ணு இருந்தது நேத்து இருவதுன்னு நீங்கதான சொன்னீங்க. சொகமாகப் போயிதான கொறயுது? பெறவு எதுக்குப் பதறுதீங்க?"ன்னேன்.

அவ என்னயே பாத்தா. ரொசாரியோ தலையக் குனிஞ்சுக்கிட்டு, 'வாங்க சிஸ்டர்'னு கூட்டிட்டுப் போயிட்டாரு. இதுக்கு என்ன அர்த்தம்? எனக்கு ஒண்ணும் புரியல. நல்லதச் சொன்னா கூட மொறச்சுப் பாத்தா என்ன செய்யதுன்னு நானும் என் சோலியப் பாக்கப் போயிட்டேன். மேடைத் துணி காத்துல கொஞ்சம் கிழிஞ்சிருந்துது, அதத் தைக்கணும். அன்னைக்கு சாயங்காலம் அவ ஃபோன்ல பேசினதும் நான் போயி கேக்கல. மாசானம்தான் கேட்டுட்டு வந்து சொல்லுவான். திங்கக்கிழம ஆறுன்னான்.

செவ்வாக்கிழம ஒருவழியா விழா. அந்த ஓட்டும் அன்னைக்குத்தான், கை தூக்காம உக்காந்துட்டானுகளாம். மந்திரி வந்தாரு, கூடவே அந்த அதிகாரி கோதண்டபாணியும் திரும்பி வந்தாரு. காலேஜ் பிள்ளைக நானூறு பேர பஸ்ல கொண்டு வந்து எறக்கியாச்சு. இப்ப கைதட்டுதது எப்பிடின்னு உங்களுக்குத் தெரியுமா? அது தானா வராது. நம்ம ஆளு ரெண்டு பேர கூட்டத்துக்குள்ள உக்கார வைப்போம், முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன். நான் மைக் செட்டு பக்கத்துல நிப்பேன். நான் தலைய ஆட்டுனா அவனுக தட்டுவானுக, கூட்டமும் சேந்து தட்டும். எந்த எடத்துல தட்டணும்னு எனக்கு இருவத்தெட்டு வருசப் பழக்கம். வரவேற்புரைலயும் நன்றியுரைலயும் ஒவ்வொரு பேருக்கும் தட்டணும். ஒரு பேர விட்டாலும் அந்த ஆளு கோவிச்சுக்கிடுவான்.

மந்திரி பேசினாரு, மனிதநேயம்னாரு, நாம எல்லாருக்கும் அண்ணன் தம்பின்னாரு. கொடிய ஆட்டினாரு. கப்பல் ஊதிச்சு. எல்லாரும் தட்டினோம். கப்பல் அங்கயேதான் நின்னுது. பெறவு நன்றி சொல்ல அந்தப் பிள்ளையக் கூப்பிட்டாங்க. கோதண்டபாணி நாலு வரி எழுதிக் குடுத்திருந்தாரு. அவ அத மடிச்சுக் கைல வச்சுக்கிட்டு, வேற ஒரு நோட்ட எடுத்தா. மைக்குப் பக்கத்துல வந்து வாசிக்க ஆரம்பிச்சா.

"மாத்தியோ. ஆறு."

கூட்டம் முழிக்கி. நான் தலைய ஆட்டினேன். தட்டினாங்க.

"லூசில். முப்பத்திரெண்டு."

தட்டினாங்க. நமக்குப் புரிஞ்சு போச்சுல்லா, அவங்க ஊருல நன்கொட குடுத்தவங்க பேரும் தொகையும் வாசிக்கா. நம்ம கோயில் கொடைல வாசிப்பாங்கள்லா, அதே மாதிரி. ஆறுன்னா ஆயிரமோ லட்சமோ, என்ன எளவோ. நான் தொகைக்குத் தக்கன தலைய ஆட்டினேன். "பியர். எழுவத்தொண்ணு"ன்னா, பெரிய தொக, பலமாத் தட்ட வச்சேன். "அனாசி. ரெண்டு"ன்னா. ரெண்டுன்னா சின்னத் தொகதான, லேசா போதும்னு கையக் காட்டினேன். பிள்ளைக சில பேரு சிரிச்சுட்டாங்க. மேடைல மந்திரியும் தட்டுதாரு. கோதண்டபாணியும் தட்டுதாரு. அவ நிறுத்தல. கைதட்டு ஓயுத வரைக்கும் நிப்பா, பெறவு அடுத்த பேர வாசிப்பா. ஒரே சீரா வாசிச்சா. கடேசில ஒரு நன்றி கூடச் சொல்லாம நோட்ட மூடிட்டு எறங்கிட்டா. அதுக்கும் தட்டினாங்க.

மந்திரி காரு போனதும் பிரிக்க ஆரம்பிச்சோம். பாதி ஆளுகள நான் காலைலயே வேற சோலிக்கு அனுப்பிட்டேன். நானும் தகரத்துக்குக் கை குடுத்தேன். மாசானம் கயித்த அவுத்துக்கிட்டே சொல்லுதான்.

"அண்ணாச்சி, முப்பத்தஞ்சு பேரு வாசிச்சா. நான் எண்ணிக்கிட்டு இருந்தேன்."

"இருந்துட்டுப் போறாங்க."

"நாப்பத்தொண்ணு இருந்துது. நேத்து ஆறு. நாப்பத்தொண்ணுல ஆறு போனா எத்தன அண்ணாச்சி?"

வாய மூடிக்கிட்டு வேலையப் பாருலன்னு ஏசினேன். கையில புடிச்சிருந்த தகரம் நழுவி காலுல விழுந்துட்டு, இன்னைக்கும் நகம் கருத்துப் போயித்தான் இருக்கு. அனாசி, ரெண்டு. அது வயசு சார். ரெண்டு வயசுப் பிள்ளை. அதுக்கு லேசாத் தட்டுனாப் போதும்னு நான் கையக் காட்டிருக்கேன்.

எனக்கு எப்பிடி சார் தெரியும்? தமிழு தெரிஞ்சவதான, செத்துட்டாங்கன்னு ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதான? எண்ணு எண்ணா சொன்னா எவனுக்குப் புரியும்?

அவ அதே பிளாஸ்டிக் சேருல உக்காந்து நாங்க பிரிக்கதப் பாத்துக்கிட்டே இருந்தா. பலகய எடுத்து, இரும்புக் குத்தி வெளிய வந்து, கயித்தத் தூக்கிப் போட்டதும் கப்பலு பைய நகந்துது. எல்லாரும் கப்பலப் பாக்கோம், அவ பாக்கல. கையில கட்டியிருந்த வாட்சப் பாத்தா. எந்திரிச்சு, சேரத் தூக்கி, மத்த சேர அடுக்கி வச்சிருந்த எடத்துல கொண்டு போயி வச்சிட்டு, என்கிட்ட வந்தா.

"ஒரு மணி நாப்பது நிமிசம் ஆச்சு, அண்ணாச்சி"ன்னா.

அவ்வளவுதான் சொன்னா. அழல, ஏசல. ஏசியிருந்தா நானும் பதிலுக்கு நாலு ஏசிருப்பேன், அதோட போயிருக்கும். கெடுவுக்குள்ள போய்ச் சேராதுன்னு தெரிஞ்சு கப்பல்லயும் ஏறாம, ரொசாரியோ வண்டில ஏறிப் போயிட்டா. ஊருக்கும் போக முடியாம, படிச்ச ஆஸ்பத்திரிலயே இப்ப வேலைக்குச் சேந்திருக்கான்னு சொல்லுதாவ.

எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு சார். ஒரு வாரமா தேதிய மாத்தினவன் ஒருத்தன். ஒரு ஓட்டுக்காகக் கப்பலக் கட்டிப் போட்டவன் ஒருத்தன். கைய மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தவன் ஒருத்தன். சொந்தச் சனத்தையே வளச்சு வச்சுச் சாகடிச்சவன் ஒருத்தன். அவனுகளுக்கெல்லாம் அவ மணி பாக்கல. ஒரு பந்தக்காரனுக்கு வந்து மணி பாத்துச் சொல்லுதா. இது நியாயமா? எங்கயாவது அடுக்குமா?

அதுவும் அவ சொன்னது தப்பு. பந்தத் தொழிலப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்? செவ்வாக்கிழம என்கிட்ட நாலே நாலு ஆளுதான். சனிக்கிழம எட்டு பேரு சும்மா உக்காந்திருந்தானுக. எட்டு பேரு நின்னா ஒரு மணி நேரம் கூட ஆவாது சார்.